முனியப்பா தட்டில் குவிந்த ஒப்பட்டுகள்

சானமாவுக் காட்டுக்குள் நுழைந்த பஸ் ஒரு வளைவில் திரும்பியது. உள்ளே இருந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. அடுத்த வளைவில் எல்லாம் சேர்ந்து மறுபக்கம் சாய்ந்தன. யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. பல் வலியோடு சிரித்ததில் கண்ணில் நீரும் வந்தது. சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதினேனே, அதே கடைவாய்ப் பல்தான். அன்றைக்கு அது என்னை எதையும் மெல்ல விடவில்லை. கம்பெனி கேன்டீனில் ஒரு தம்ளர் மோரை மட்டும் குடித்துவிட்டு, மற்றவர்கள் இனிப்பு ஒப்பட்டை நெய்யில் தோய்த்துச் சாப்பிடுவதைப் பொறாமையோடு பார்த்துவிட்டு பஸ் ஏறியிருந்தேன்.

வெளியே மூன்று மணி வெயில். ஜன்னல் வழியே தைல மர வாசனை வந்துகொண்டிருந்தது. உள்ளே நாற்பது பேரின் மூச்சுச் சத்தம். முதல் ஷிஃப்ட் முடிந்து கெலமங்கலம் திரும்பும் பஸ் அது. தினமும் நானும் அந்த நாற்பது பேரில் ஒருவனாக வாயைப் பிளந்து கிடப்பவன்தான். அன்றைக்கு மட்டும் விழித்திருந்தேன்.

ஏன் என்று யோசித்தேன். இவர்கள் எல்லாரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள். சாப்பிடாதவன் நான் ஒருவன். தூங்காதவனும் நான் ஒருவன். ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டதைப்போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த நொடியே இன்னொன்று உறைத்தது. சாப்பிட்டவர்களில் டிரைவரும் உண்டு.

முன்கண்ணாடியில் டிரைவர் முனியப்பாவின் முகம் தெரிந்தது. இமைகள் மெதுவாக இறங்கின. பாதியில் நின்றன. பிறகு முழுதாக இறங்கிவிட்டன.

"முனியப்பாண்ணே" என்று கத்தினேன்.

இடது சக்கரம் ஜல்லியில் இறங்கி கடகடவென்றது. பஸ் ஒரு புளிய மரத்தின் பக்கவாட்டை உரசி, வெளிக்கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டு நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை. புளிய இலைகள் மட்டும் எல்லார் மடியிலும் பொலபொலவென்று கொட்டிக் கிடந்தன.

முனியப்பா ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அவர் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

யானைக்கு முன்னால் ஒரு மனிதர்

முனியப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கெலமங்கலத்துக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி, கன்னடத்தில் திருப்பி, தெலுங்கில் நிறுத்துவார். காலை ஷிஃப்டுக்கு ஆள் ஏற்ற வேண்டும் என்பதால் கோழி கூவுமுன் எழுந்துவிடுவார். ஆறு மணிக்கு எங்களைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, அடுத்த சவாரிக்குப் போய் அலுவலகத்து ஆட்களை அழைத்து வருவார். நடுவில் பஸ்ஸைக் கழுவுவார். இரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் எங்களோடு சாப்பிட்டுவிட்டு எங்களை வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு நடந்த ஒரு கதை உண்டு. பஸ்ஸில் ஏறும் புதிய ஆள் எவனும் அதைக் கேட்காமல் தப்ப முடியாது. சானமாவுக் காட்டில் ஒரு யானை சாலையின் நடுவில் நின்றதாம். பின்னால் குட்டி. பஸ்ஸில் பெண்கள் அழ ஆரம்பித்தார்களாம். முனியப்பா இன்ஜினை நிறுத்தினார். ஹாரனைத் தொடவில்லை. யானை பஸ் வரைக்கும் வந்து, துதிக்கையால் முன்பக்கத்தை மோந்து பார்த்துவிட்டு, குட்டியைக் கூட்டிக்கொண்டு போகும் வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எதுவும் நடக்காததுபோல் கியர் போட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை. வியாழன் என்றால் கேன்டீனில் ஒப்பட்டு. எங்கள் சாத்தூர்ப் பக்கம் போளி என்போம். பேக்கிங் பிரிவு ரத்னம்மா அக்கா தன் ஒப்பட்டை எடுத்துப்போய் முனியப்பா தட்டில் வைத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். அன்று ஆரம்பித்த வழக்கம் அது. நாளாக ஆக, வியாழனுக்கு ஒப்பட்டு, மற்ற நாட்களில் ஒரு கரண்டி சோறு, ஒரு வடை, பாயசத்தில் பாதி என்று ஆகிவிட்டது. டிரைவர் தட்டில் எதையாவது வைக்காமல் பஸ் ஏறினால் ஏதோ குறை வைத்ததுபோல் இருக்கும். நானும் வைத்திருக்கிறேன். பிடிக்காத கத்தரிக்காயை வைத்தேன் என்பது வேறு விஷயம்.

முனியப்பா வேண்டாம் என்று சொல்லமாட்டார். வைத்தவர் மனசு நோகுமே என்று எல்லாவற்றையும் சாப்பிட்டு முடிப்பார்.

புளிய மரத்துச் சம்பவம் நடந்ததும் ஒரு வியாழக்கிழமைதான்.

களியின் மேல் பழி

மறுநாள் கம்பெனி முழுக்க ஒரே பேச்சு. முனியப்பா குடித்துவிட்டு ஓட்டினார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். டிரான்ஸ்போர்ட் அதிகாரி அவரை அழைத்து, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லி அனுப்பினார். குடிப்பழக்கமே இல்லாத மனிதர். கேட்டவர்களிடம் அதைச் சொல்லக்கூட அவர் வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. டிப்ளமா முடித்த சூடு. எதைப் பார்த்தாலும் காரணம் கண்டுபிடித்தே ஆக வேண்டும். சாப்பாடுதான் காரணம் என்பது உறுதி; சாப்பாட்டில் எது? நான் சோற்றில் வளர்ந்தவன். கேன்டீனில் உள்ளூர்க்காரர்களுக்கென்று ராகிக் களி உருண்டை போடுவார்கள். கறுப்பாக, கனமாக, கிரிக்கெட் பந்து மாதிரி. முனியப்பா தினமும் அதில் ஒன்று சாப்பிடுவார். பார்த்தாலே எனக்குக் கண் சொருகும். சந்தேகமே இல்லை, களிதான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதி, அதை பஸ்ஸில் ரத்னம்மா அக்காவிடம் படித்தும் காட்டினேன்.

அவர் சுருக்குப் பையிலிருந்து வெற்றிலையை எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்பா டிப்ளமா, எங்கப்பன் களி துன்னுட்டு பொழுதுக்கும் ஏர் ஓட்டுனாரு. மாடுதான் படுக்கும், அவரு படுக்க மாட்டாரு. நீ சோறு துன்றவன்தான? போன வாரம் எந்தோள்ல சாஞ்சி தூங்குனியே, உன் எச்சில் வழிஞ்சி ரவிக்கை நனைஞ்சிடுச்சி. அது எந்தக் களி?"

பஸ்ஸே சிரித்தது. முனியப்பா மட்டும் சிரிக்கவில்லை.

என் வயிறே சோதனைக்கூடம்

பல் சரியானதும் சோதனையில் இறங்கினேன். ஒரு நாள் களி, கீரைக் கடைசலோடு ஒரே உருண்டை. மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தந்தார். தொண்டையில் மாட்டி, மோர் விட்டு இறக்கினேன். பஸ்ஸில் விழித்தே இருந்தேன். உத்தனப்பள்ளி வரைக்கும் ஒவ்வொரு மைல் கல்லையும் படித்தேன்.

இன்னொரு நாள் அதே களி, மூன்று உருண்டை. காடு வருமுன்பே தூங்கிப்போய்விட்டேன்.

வியாழக்கிழமை சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு, மறுபடியும் சோறு, கூடவே கெஞ்சி வாங்கிய ஒப்பட்டு மூன்று. அன்றைக்கு நான் எழுந்தபோது பஸ்ஸில் யாருமே இல்லை. கெலமங்கலத்தில் எல்லாரும் இறங்கிப்போய், முனியப்பா பஸ்ஸைத் தன் வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் நிறுத்தியிருந்தார். ஜன்னல் வழியாக ஒரு ஆடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆக, களியும் குற்றவாளியில்லை, சோறும் இல்லை. குவித்துச் சாப்பிடுவதும், மாவும் இனிப்பும் ஒன்றாகச் சேர்வதும்தான். ஓசூர் நூலகத்தில் புத்தகம் தேடினேன். சாப்பிட்டதும் ரத்தமெல்லாம் வயிற்றுக்குப் போய்விடும், மூளைக்குக் குறையும், அதனால் தூக்கம் என்று ஒரு பழைய புத்தகம் சொன்னது. எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது அவ்வளவு சுலபமான கணக்கில்லை என்று பிறகுதான் தெரிந்தது. மூளை தன் பங்கு ரத்தத்தை அப்படி விட்டுக்கொடுப்பதில்லையாம். பிற்பகல் ஆனால் உடம்பு தானாகவே ஒரு பள்ளத்தில் இறங்குகிறது, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். கனத்த சாப்பாடு அந்தப் பள்ளத்தை ஆழமாக்குகிறது. இரவுத் தூக்கம் குறைந்தவனுக்கு அது கிணறாகிவிடுகிறது.

ஆனால் அன்றைக்கு அந்தக் காலி மனையில் எனக்குத் தெரிய வந்தது வேறொன்று.

அண்ணன் கால்

என்னை எழுப்பிய முனியப்பா கீழே இறங்கச் சொல்லவில்லை. எதிர் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். சட்டென்று கேட்டார்.

"நீ படிச்சவன். சக்கரை வியாதி வந்தா சாப்ட்ட ஒடனே தூக்கம் வருமா?"

தெரியாது என்றேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். அவருடைய அண்ணனும் இப்படித்தான் சாப்பிட்டதும் சாய்ந்துவிடுவாராம். சோம்பேறி என்று வீட்டில் திட்டிக்கொண்டே இருந்தார்களாம். ஒரு நாள் காலில் முள் குத்தியது. புண் ஆறவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"எனக்குக் கால் இல்லன்னா இன்னா இருக்குது, டிப்ளமா? கிளட்ச்ச எதுல மிதிப்பேன்? குடிச்சான்னு சொல்லட்டும். அது பரவால்ல."

குடிகாரன் என்ற பேச்சுக்கு அவர் ஏன் பதில் சொல்லவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அதைவிடப் பெரிய ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தார். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. டாக்டரிடம் போனால் அது உண்மையாகிவிடும் என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கிளப்பிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போனேன். கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது. ஓசூரில் பார்த்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றார். அதனால்தான் கிருஷ்ணகிரி. பஸ்ஸில் பயணியாக உட்கார அவருக்குத் தெரியவில்லை. முன்னால் லாரி வரும்போதெல்லாம் வலது காலால் தரையை அழுத்திக்கொண்டே வந்தார்.

டாக்டர் அண்ணன் கதையைக் கேட்டுவிட்டு, வழக்கமாகச் சாப்பிடுவதுபோல் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் சிறுநீரைச் சோதிக்கலாம் என்று அனுப்பினார். பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தோம். இலை போட்டார்கள். முனியப்பா சோற்றைப் பிசைந்தார். ஒவ்வொரு கவளமும் தனக்கு எதிரான சாட்சி என்பதுபோல் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார். இனிப்பு வேண்டுமா என்று கேட்டவரை அவர் பார்த்த பார்வையில் அந்த ஆள் வாளியோடு அடுத்த இலைக்கு ஓடினார்.

சோதனைக்கூடம் என்பது ஒரு மேசையும் ஸ்பிரிட் விளக்கும்தான். கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர். அதில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுச் சூடாக்குவார்கள். சர்க்கரை இருந்தால் பச்சையாகும், மஞ்சளாகும், ரொம்ப இருந்தால் செங்கல் நிறத்துக்கு வரும் என்று எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியவன், அதை அவரிடம் சொல்லியும் தொலைத்தேன்.

குழாய் கொதித்தது. முனியப்பா என் முழங்கையைப் பிடித்தார். யானைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தவர் குழாயைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார்.

நீலம் நீலமாகவே இருந்தது.

கம்பவுண்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை போங்கள் என்று அடுத்தவரைக் கூப்பிட்டார். எனக்கு அந்த நீலத்தைப்போல ஒரு நிறம் உலகத்தில் இல்லை என்று தோன்றியது. முனியப்பா வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். டாக்டர் மறுபடி கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்கிறேன், சுவரில் தலை சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவரை எழுப்ப வேண்டாம் என்றார். என்னிடமே விசாரித்தார். எத்தனை மணிக்கு எழுகிறார், எப்போது படுக்கிறார், மதியம் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். ஒப்பட்டுக் கதையைச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டார்.

"அவருக்கு வியாதி இல்ல தம்பி. பாசக்காரங்க ஜாஸ்தி. மதியம் பாதி வயிறு, வண்டி எடுக்கறதுக்கு முன்னால கொஞ்சம் தூக்கம். அவ்வளவுதான் மருந்து."

தூக்குவாளி

மருந்து சுலபம். கொடுப்பதுதான் கஷ்டம். நாற்பது பேரிடம் போய் உங்கள் அன்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று எப்படிச் சொல்வது? அவர்கள் நினைப்பில், டிரைவரைப் பசியோடு வண்டி எடுக்க விடுவதுதான் ஆபத்து. அதற்காகத்தான் ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

முனியப்பாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ரத்னம்மா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ மரத்துல கொண்டுபோயி முட்டுனது நாங்கதானா?"

மறுநாள் ஒரு பெரிய தூக்குவாளியோடு வந்தார். அதை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியில் மாட்டினார். இனிமேல் எது வைப்பதானாலும் இதில். வீட்டுக்குப் போய் பெண்டாட்டி பிள்ளைகளோடு சாப்பிடட்டும். தட்டில் வைப்பவர் கையை ஒடிப்பேன் என்று தெலுங்கிலும் தமிழிலும் அறிவித்தார். கேன்டீனில் பேசி முனியப்பாவுக்குப் பன்னிரண்டு மணிக்கே சாப்பாடு என்று ஆயிற்று. ஒரு உருண்டை களி, கீரை, மோர். அப்புறம் வேப்பமர நிழலில் நிற்கும் பஸ்ஸின் பின்சீட்டில் ஒரு குட்டித் தூக்கம்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தூக்கத்தை டிரான்ஸ்போர்ட் அதிகாரி பார்க்கும் வரைக்கும்.

இரண்டு மணிச் சங்கு ஊதி, சாப்பிட்டு முடித்து நாங்கள் வெளியே வரும்போது முனியப்பா பஸ்ஸுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார். அதிகாரி குரல் கேட் வரைக்கும் கேட்டது. தூங்கி மரத்தில் மோதியவன் இப்போது பட்டப்பகலில் கால் நீட்டிப் படுத்துத் தூங்குகிறான், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். நான் ரத்தம், மூளை, பிற்பகல் என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து என்னென்னவோ சொன்னேன். யாருக்கும் புரியவில்லை. எனக்கே புரியவில்லை.

ரத்னம்மா அக்கா முன்னால் வந்தார்.

"சார், அவரு இப்ப தூங்குனாத்தான் நாங்க அப்புறம் தூங்கலாம். வண்டில தூங்கப்போறது நாங்க. எங்களுக்கே பயமில்ல. உங்களுக்கு இன்னா?"

அதிகாரி பதில் சொல்ல வாயைத் திறந்தார். வந்தது கொட்டாவி. மதியச் சாப்பாடு முடித்து நேராக வந்திருக்கிறார் போலிருக்கிறது. கையால் மறைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். இரண்டாவது கொட்டாவி முதலாவதைவிடப் பெரிதாக வந்தது. அதைப் பார்த்து கேட்டில் நின்ற காவலாளி ஒன்று விட்டார். பேக்கிங் பிரிவில் இரண்டு பேர். அப்புறம் நான். அந்த இடத்தில் கொட்டாவி விடாமல் நின்றவர் ஒரே ஒருவர்தான். முனியப்பா, கண்கள் பளிச்சென்று.

அதிகாரி அதைக் கவனித்துவிட்டார். சாப்பிட்டாச்சா என்று கேட்டார். ஆச்சு என்றார் முனியப்பா. என்ன சாப்பிட்டாய் என்றார். சொன்னார். எங்களில் முன்னால் வந்தவர்கள் நிரப்பியிருந்த தூக்குவாளியை எட்டிப் பார்த்தவர், அன்றைக்கு வியாழக்கிழமை என்பதால், உள்ளே ஒப்பட்டு அடுக்கடுக்காக இருப்பதைக் கண்டு சிரித்துவிட்டார்.

"சரி, தூங்கு. ஆனா கதவைச் சாத்திட்டுத் தூங்கு. முதலாளி கண்ணுல பட்டா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு, தன் அறைப்பக்கம் நடந்தார். போகும்போதும் ஒரு கொட்டாவி.

திங்கட்கிழமைப் பொங்கல்

அன்றைக்கு நான் டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் பெட்டியின் மேல் உட்கார்ந்து வந்தேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவது என் வேலை என்று ரத்னம்மா அக்கா உத்தரவு. தேவையே இருக்கவில்லை. முனியப்பா ஏதோ கன்னடப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். சானமாவுக் காட்டு வளைவில் எல்லாத் தலைகளும் ஒன்றாகச் சாய்ந்தன. கண்ணாடியில் அதைப் பார்த்து அவர் சிரித்தார். புளிய மரம் வந்தது, உரிந்த பட்டையோடு. அது போகும் வரைக்கும் பாட்டு நின்றிருந்தது. அப்புறம் விட்ட இடத்தில் தொடர்ந்தது.

எனக்கு மனசு லேசாகி, கண் தானாக மூடியது. நான் தூங்கினாலும் பரவாயில்லை என்ற நினைப்பே ஒரு தலையணை மாதிரி இருந்தது.

"டிப்ளமா" என்றார் அவர். விழித்தேன்.

"திங்கக்கெழம காலைல கேன்டீன்ல வெண்பொங்கல்தான?"

ஆமாம் என்றேன். நெய் மிதக்கும், முந்திரி தட்டுப்படும், எங்கள் பிரஸ் பிரிவில் ஒருத்தன் விடாமல் இரண்டு தட்டு அடிப்போம் என்றேன்.

"அத்த துன்னுட்டு நேரா மிஷின்ல போயி நிக்கிறீங்க. தகடு வெட்டுற மிஷின்."

திங்கட்கிழமைக் காலைகளில் பிரஸ்ஸின் முன்னால் தலை ஆடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். என் தலையும் ஆடியிருக்கிறது.

"காலைல நான் ஏத்தினு போறப்ப எல்லாருக்கும் பத்து வெரலு இருக்குது. சாயந்தரமும் பத்து இருக்கணும்பா. என் வண்டி சரியாச்சி. உன் மிஷின பாரு."

கேன்டீன் சமையல்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய பொங்கலில் மிளகைக் கொஞ்சம் குறைக்கச் சொன்ன ஒரு சூப்பர்வைசருக்கு ஒரு மாதம் அடிப்பிடித்த பொங்கலையே போட்டவர். அவரிடம் போய்ப் பொங்கலையே திங்கட்கிழமையிலிருந்து தூக்குங்கள், வேலை முடிந்து போகும்போது போடுங்கள் என்று சொல்ல வேண்டும்.

உத்தனப்பள்ளியில் பஸ் நின்றது. ரத்னம்மா அக்கா எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு இறங்கப்போனார். நாளைக்குக் காலையில் என்னோடு சமையற்கட்டுக்கு வர முடியுமா என்று அவரிடம் கேட்டேன்.